ஹைட்டி அக்ரா: சேப்பங்கிழங்குல போட்டா உள்ளே கொழகொழன்னு நிக்குது, தொண்டை அரிக்குது. எங்கே தப்பு?

ஈரோடு அடுப்படி (கேள்வி)

வணக்கமுங்க. ஹைட்டி நாட்டுல தெருக்கடையில போடற அக்ரா பத்தித்தான் கேள்வி. மலாங்கான்னு ஒரு கிழங்கைப் பச்சையாவே துருவி, பூண்டு, வெங்காயத்தாள், மொளகா கலந்து எண்ணெயில போட்டு எடுக்கறது. பருப்பு கிடையாது, மாவும் பேருக்குத்தான். மலாங்கா இங்க கிடைக்கலைன்னு சேப்பங்கிழங்குல பண்ணின கணக்கு இது:

தோல் சீவின கிழங்கு அரைக்கிலோ. கேரட் சீவற பெரிய ஓட்டைத் துருவியில துருவியாச்சு. பூண்டு 4 பல், வெங்காயத்தாள் 3, பச்சமொளகா 2, ஒரு கை கொத்தமல்லி, உப்பு 1 டீஸ்பூன், ஆப்பசோடா அரை டீஸ்பூன். எல்லாம் ஒட்டுக்கா கலந்து அரைமணி நேரம் வெச்சதுல நீர் விட்டுத் தளர்ந்துபோச்சு. அதுக்குக் கடலை மாவு ரெண்டு கைப்பிடி. நல்லாக் காஞ்ச கடலை எண்ணெயில எலுமிச்சங்காய் அளவு உருண்டையா 3 நிமிஷம்.

வெளியே கறுஞ்செவப்பு. பிச்சுப் பார்த்தா உள்ளே கோந்து மாதிரி இழுக்குது. சோப்பு வாசம் வேற. தின்ன பொறகு தொண்டை அரிப்பு. துருவின கையும் அரை நாள் அரிச்சுது.

கிழங்கு தப்பா, பக்குவம் தப்பா? மொதல்ல வேகவெச்சு மசிச்சுட்டா சரியாகுமா? தொட்டுக்கற பிக்லிஸ் அளவும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை

கிழங்கு பாதி, பக்குவம் பாதிங்க. கிழங்கைப் பத்தி வேறொருத்தர் சொல்லட்டும், பக்குவத்தை நான் சொல்றேன்.

அக்ராவுல முக்கால்வாசி வேலை துருவறதுதான். பெரிய ஓட்டையில துருவினா இழை இழையா வரும். இழையோட இழை ஒட்டாது, நடுவுல ஈரம் தங்கும். நாலு பக்கத் துருவியில முள்ளு முள்ளா நீட்டிட்டு இருக்கற பக்கம் ஒண்ணு இருக்குது பாருங்க, இஞ்சி, ஜாதிக்காய் தேய்க்கறது. அதுலதான் தேய்க்கோணும். சரியாத் தேய்ச்சா கிழங்கு விழுதாகி, கரண்டியில அள்ளிக் கவுத்தா உடனே விழாம, ஒரு கட்டியா மெதுவா நழுவி விழும். அந்தப் பதம் வந்துட்டா மாவே வேண்டாம். தேய்க்கும்போது கிழங்கோட அறைகள் உடைஞ்சு மாவுச்சத்து வெளியே வருது. எண்ணெய்ச் சூட்டுல அது கிழங்கோட ஈரத்தையே குடிச்சு வெந்து கெட்டியாப் பிடிச்சுக்குது. நம்ம வடையில பருப்பு செய்யற வேலையை இங்க மாவுச்சத்து செய்யுது.

வேகவெச்சு மசிச்சா அந்த வேலை முன்னாடியே முடிஞ்சுபோகும். அப்புறம் எண்ணெயில போட்டாலும் உள்ளே பசையாத்தான் இருக்கும், மேலே மொறுமொறுப்பு வராது. அது கிழங்கு போண்டா. நல்ல பலகாரந்தான், ஆனா அக்ரா இல்லைங்க.

மிக்ஸியில அரைக்கலாமான்னு அடுத்த கேள்வி வரும். அரைக்கலாம். சின்ன ஜார்ல, சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெட்டி, கால் பங்கு மட்டும் போட்டு, விப்பர்ல விட்டு விட்டு அடிங்க. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது. பிளேடு சுத்தலைன்னா சேர்க்க வேண்டிய முட்டையை அதுல ஊத்திக்குங்க. தண்ணி ஊத்தி அரைச்ச விழுது எண்ணெயைக் குடிக்கும். கிரைண்டர் வேண்டாம், தண்ணி இல்லாம ஓட்டினா கல்லுலயே அப்பிக்கும்.

அளவு: தோல் சீவின கிழங்கு 500 கிராம் (வாங்கறப்போ 650 வாங்குங்க). பூண்டு 4 பல், வெங்காயத்தாள் 3, பார்ஸ்லி ரெண்டு டேபிள்ஸ்பூன், தைம் கால் டீஸ்பூன், காரமான மொளகா 1, மிளகுத்தூள் அரை டீஸ்பூன். ஹைட்டியில இந்தப் பச்சை மசாலாவை எபிஸ்னு சொல்றாங்க. நம்ம இஞ்சி பூண்டு விழுது மாதிரி அரைச்சு வெச்சுட்டு எல்லாக் குழம்புக்கும் போடற சாமான். பார்ஸ்லியும் தைமும் ஊட்டி இங்கிலீஷ் காய் விக்கற கடையில கேட்டுப் பாருங்க. பார்ஸ்லி இல்லைன்னா கொத்தமல்லி பாதியளவு போதும். அதுக்கு மேல போனா நம்மூர்ப் பக்கோடா வாசம் வந்துரும். பூண்டையும் தாளையும் உரல்ல நைசா இடிச்சுப் போடுங்க, நறுக்கிப் போட்டா அங்கங்க கருகும்.

உப்பு முக்கால் டீஸ்பூன், எண்ணெய் காஞ்ச பொறகு கடைசியா. நீங்க உப்புப் போட்டு அரைமணி நேரம் வெச்சீங்க, அதுதான் நீர் விட்டுது. நீர் விட்டதுக்கு மாவு, மாவு சேர்ந்ததுக்கு இன்னும் எண்ணெய் குடி, இப்படி ஒண்ணு தொட்டு ஒண்ணு. கடலை மாவு சேர்ந்தா ருசியும் மாறிப்போகும். நிஜமாவே தளர்ந்திருந்தா மைதா ஒரு டேபிள்ஸ்பூன், ரெண்டுக்கு மேல வேண்டாம். ஹைட்டியிலயும் கொஞ்சம் மைதா சேர்க்கற வீடுகள் உண்டு.

ஆப்பசோடா அரை டீஸ்பூன் ரொம்ப அதிகம். சோப்பு வாசம் அதனாலதான், மேலே சீக்கிரம் கறுத்ததுலயும் அதுக்குப் பங்கு உண்டு. சோடா போட்ட மாவு சீக்கிரம் செவக்கும். 500 கிராமுக்குக் கால் டீஸ்பூன் உச்சம், இல்லாமலும் நல்லா வரும். முட்டை ஒண்ணு சேர்த்தா உள்ளே மெத்துன்னு இருக்கும், சேர்க்காட்டி கடிக்க இன்னும் கொஞ்சம் அழுத்தமா இருக்கும். எனக்குச் சேர்க்காததுதான் பிடிக்கும்.

எண்ணெய் 170 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லைன்னா ஒரு சிட்டிகை விழுதைப் போடுங்க. அடியில போய் மூணு நாலு எண்ணற நேரத்துல மேலே வரோணும். போட்டதும் மேலயே நின்னு செவந்தா சூடு அதிகம். கச்சாயத்துக்குக் காய வைக்கற அளவுதான், பூரிக்குக் காயற அளவு இல்லை. ரெண்டு அங்குல ஆழம் எண்ணெய். ஒரு ஸ்பூன்ல அள்ளி இன்னொரு ஸ்பூனால நீளவாக்குல தள்ளி விடுங்க, நடுவிரல் கனத்துக்கு மேல வேண்டாம். எலுமிச்சங்காய் உருண்டை 3 நிமிஷத்துல நடுவுல வேகவே வேகாது. விரல் கனத்துக்கே 5, 6 நிமிஷம் ஆகும், நடுவுல ஒருக்கா திருப்பி விடோணும். வடச்சட்டியில ஒரு ஈட்டுக்கு ஆறு ஏழு போதும். கூடப் போட்டா எண்ணெய் ஆறிரும். இந்த அளவுக்கு 30 உருப்படி தேறும்.

வெந்துதான்னு பார்க்க ஒண்ணைப் பிச்சு நடுவுல விரலை வெச்சு அழுத்துங்க. வெள்ளை மாவா விரல்ல ஒட்டினா வேகலை. சாம்பல் ஓடின வெள்ளையா, ஈரமா, ஆனா ஒட்டாம இருந்தா வெந்துது. வெந்த அக்ராவும் உள்ளே லேசா சவ்வுன்னுதான் இருக்கும், மெதுவடை மாதிரி பஞ்சா எதிர்பார்க்காதீங்க.

ஒண்ணு முக்கியமுங்க. உப்புப் பார்க்கப் பச்சை விழுதை நாக்குல வைக்காதீங்க. நாக்கு பூரா முள்ளுக் குத்தின மாதிரி ஆயிரும். சின்னதா ஒண்ணு பொரிச்சு அதுல பாருங்க.

பொள்ளாச்சி தோட்டம்

கிழங்கு சமாச்சாரம் நான் சொல்றேன்.

மலாங்காவும் சேப்பங்கிழங்கும் ஒரே குடும்பம், பங்காளி மொறை. அறிவியல் பேரு சொன்னா சேம்பு கொலொகேசியா, ஆசியாவோடது. மலாங்கா சாந்தோசோமா, அமெரிக்கக் கண்டத்து வெப்ப மண்ணோடது. ரெண்டுலயும் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியா இருக்குது. கையிலயும் தொண்டையிலயும் குத்தறது அதுதான். தண்ணியில கரையாது, கழுவினா முழுசாப் போகாது. நல்லா வெந்தாத்தான் அரிப்பு அடங்கும். நடுவுல வேகாம நின்னதால உங்களுக்குத் தொண்டை அரிச்சுது. சேம்புல வழவழப்பும் மலாங்காவை விட அதிகம், உள்ளே கோந்து மாதிரி இழுத்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

மலாங்கா நம்ம பக்கம் கிடைக்காதுன்னு முடிவு பண்ணிராதீங்க. கேரளாவுல பால்சேம்புன்னு சொல்றது இந்தச் சாந்தோசோமா வகைதான். பொள்ளாச்சியிலயும் கோயமுத்தூர்லயும் பாலக்காட்டுக்காரங்க வாடிக்கையா வாங்கற காய்கறிக் கடையில அந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்க. கிழங்கு கை நீளத்துக்குக் கதை மாதிரி ஒரு முனை பருத்து இருக்கும், தோல் சொரசொரன்னு தவிட்டு நிறம். சின்ன உருண்டைச் சேப்பங்கிழங்கோட குழப்பிக்க வழியில்லை.

செடியா இருந்தா இன்னும் லேசு. இலையைத் திருப்பிப் பாருங்க. சேம்புல காம்பு இலையோட விளிம்புல சேராது, பிளவுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, குடைக்குக் கம்பி மாதிரி அடியில சேரும். பால்சேம்புல அந்தப் பிளவு காம்பு வரைக்கும் வந்து நிக்கும், இலை அம்பு முனை மாதிரி இருக்கும். அதோட இலை ஓரத்தை ஒட்டியே சுத்தி ஒரு நரம்பு ஓடும்.

வாங்கறப்போ நகத்தால கீறுங்க. சதை கெட்டியா, ஈரமா, வெள்ளையா இருக்கோணும். ரெண்டு முனையும் அழுத்தினா அமுங்கக் கூடாது. முளை விட்டதை வாங்காதீங்க, நார் ஓடி இருக்கும்.

சேப்பங்கிழங்குலயேதான் பண்ணுவேன்னா ஒரு வழி இருக்குது. கழுவித் தோல் சீவின பொறகு மறுபடி கழுவாதீங்க, ஈரம் பட்டா வழவழப்பு எழும்பிரும். துணியால துடைச்சுட்டுத் தேய்ங்க. கையில தேங்காய் எண்ணெய் தடவிக்குங்க, இல்லாட்டி கையுறை. விழுதுல எலுமிச்சம்பழச் சாறு ரெண்டு டீஸ்பூன். அரிப்புக்கு நம்மாளுங்க புளி போடற அதே கணக்கு. கறுக்காம இருக்கவும் உதவும். மைதாவும் ஒரு ஸ்பூன் கூடப் போடுங்க. கனம் இன்னும் குறைச்சு, சுண்டுவிரல் கனம் போதும். ருசி மலாங்காவுக்குப் பக்கத்துல வரும், அதுவேன்னு சொல்ல மாட்டேன். மலாங்காவுல ஒரு வேர்க்கடலை மணம் இருக்கும், சேம்புல அது கிடையாது.

சேனையில முயற்சி பண்ணாதீங்க. அரிப்பும் அதிகம், பிசுபிசுப்பும் கிடையாது, எண்ணெயில போட்டதும் உதிர்ந்துரும். சிறுநீரகக் கல் இருக்கறவங்க எந்தச் சேம்பா இருந்தாலும் அளவாச் சாப்பிடறது நல்லது.

கோபி வாய்க்கால்

அண்ணா, குச்சிக்கிழங்குல, அதான் மரவள்ளியில, பண்ணலாமுங்களா? நாமக்கல், ராசிபுரம் பக்கம் காட்டுக்குக் காடு அதுதானே.

பொள்ளாச்சி தோட்டம்

பண்ணலாம் தம்பி, ஆனா அது வேற பலகாரம். இன்னும் கெட்டியா, கடிச்சா ரப்பர் மாதிரி இருக்கும். ஹைட்டியில குச்சிக்கிழங்கைத் துருவிப் பிழிஞ்சு தோசைக்கல்லு மாதிரி கல்லுல தட்டி ரொட்டி பண்றாங்க, கசாவ்னு பேரு. அதுக்குத்தான் அந்தக் கிழங்கு.

சரி, பண்றதா இருந்தா ஒண்ணு கவனிக்கோணும். ஜவ்வரிசி ஆலைக்குப் போற கிழங்கை வாங்காதே. சமையலுக்குன்னு விக்கற இனிப்பு ரகம் மட்டும் வாங்கு. குச்சிக்கிழங்குல சயனைடு உண்டாக்கற பொருள் இருக்குது, கசப்பு ரகத்துல அதிகம். மேல் தோலு மட்டும் இல்லை, அதுக்குக் கீழே கெட்டியா வர்ற ரெண்டாவது தோலையும் முழுசா உரிக்கோணும். துருவித் துணியில கட்டி நல்லாப் பிழிஞ்சு, அந்தச் சாறைக் கீழே ஊத்திரு, சமையலுக்கு எடுக்காதே. பிழிஞ்ச பொறகு மசாலா சேர்த்துப் பொரி. வெந்தது கசந்தா மொத்தத்தையும் தூக்கிப் போட்றோணும், பார்த்துக்கலாம்னு தின்னக் கூடாது. துருவறதுக்கு முன்னாடி கிழங்கோட நடு நரம்பையும் எடுத்துரு.

மஞ்சக்காடு

பிக்லிஸ் கேட்டீங்களே அக்கா. அதில்லாம அக்ராவை வெச்சா பஜ்ஜியைச் சட்னி இல்லாம வெச்ச கதைதான். ஊறுகாய் மாதிரி எண்ணெய், வெந்தயம் எதுவும் கிடையாது. வினிகர்ல ஊறின காரமான கோஸ்.

முட்டைக்கோஸ் கால் கிலோ, நூல் மாதிரி மெல்லிசா. கேரட் ஒண்ணு துருவினது. சின்ன வெங்காயம் ஆறு ஏழு, வட்டமா. மொளகா அங்க பிமான் பூக்ன்னு ஸ்காட்ச் பானெட் வகை போடறாங்க. பழ மணமும் கொடூரக் காரமும் ஒண்ணா இருக்கும். நம்ம பச்சமொளகாயில காரம் வரும், மணம் வராது. அதனால பச்சமொளகா 6 காரத்துக்கு, நல்லாப் பழுத்த செவப்புக் கொடைமொளகா பாதி மணத்துக்கு. முழு மிளகு 10, கிராம்பு 4, பூண்டு 3 பல், உப்பு ஒண்ணரை டீஸ்பூன்.

கோஸையும் கேரட்டையும் உப்புல பிசறிப் பத்து நிமிஷம் வெச்சு, கையால லேசாப் பிழிஞ்சுட்டு கண்ணாடி ஜாடியில அமுக்கிப் போடுங்க. பிழியாமப் போட்டா கோஸ் விடற தண்ணியில வினிகர் நீர்த்துப்போகும். மேலே எலுமிச்சை ஒண்ணு பிழிஞ்சு, வெள்ளை வினிகர் காய் முழுகற அளவு, ஒண்ணரை கப் வரைக்கும் பிடிக்கும். தண்ணி கலக்காதீங்க. இங்க கடையில வர்ற வினிகர் பெரும்பாலும் 4 சதவீதம், வெளிநாட்டுக் குறிப்பெல்லாம் 5 சதவீதத்தை வெச்சு எழுதினது. இரும்பு மூடி ஆகாது, அரிச்சுரும். ஒரு நாள் கழிச்சுத் தொட ஆரம்பிக்கலாம், மூணாம் நாள்தான் காரம் முச்சூடும் வினிகர்ல இறங்கி இருக்கும். ஃபிரிட்ஜுல வெச்சு, எடுக்கறப்போ காஞ்ச கரண்டி.

அக்ராங்கற பேரு பத்தி ஒரு சேதி. மேற்கு ஆப்பிரிக்காவுல அகரான்னு ஒண்ணு இருக்குது: தட்டப்பயறை ஊறவெச்சு, தோல் நீக்கி, அரைச்சு, எண்ணெயில போடறது. அடிமைகளாக் கொண்டுபோகப்பட்டவங்களோட அந்தப் பேரு கரீபியன் போச்சு. பக்கத்துத் தீவுகள்ல உப்புக் கருவாட்டுல பண்றதும் அக்ராதான், ஹைட்டியில கிழங்குல பண்றதும் அக்ராதான், பிரேசில்ல தட்டப்பயறுலயே பண்றது அகராஜே. நம்ம தட்டப்பயறு வடைக்குப் பங்காளி எங்கியோ நிக்குது பாருங்க.

ஈரோடு அடுப்படி

எல்லாருக்கும் நன்றிங்க. பால்சேம்பு ஒண்ணேகால் கிலோவுக்குச் சொல்லி வெச்சாச்சு. இன்னொண்ணு. பொழுதோட ஆறு மணிக்கு அறுபது உருப்படி சூடா வேணும். காலையிலயே விழுது அரைச்சு வெச்சுக்கலாமா? அப்புறம், செக்கு எண்ணெய் ஆகுமுங்களா?

நொய்யல்கரை

விழுது வெச்சா சாம்பல் நிறமாகும், நீரும் விடும். உப்புப் போடாம, எலுமிச்சை ஒரு டீஸ்பூன் கலந்து, மேலே காத்துப் படாம பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடி ஃபிரிட்ஜுல வெச்சா ரெண்டு மணி நேரம் தாங்கும். சோடா போடறதா இருந்தா எண்ணெயில விடறதுக்கு முன்னாடி மட்டும். எலுமிச்சையோட முன்னயே சேர்ந்தா நுரைச்சு அங்கயே தீர்ந்துபோகும்.

அறுபதுக்கு ரெண்டு தடவை பொரிக்கறதுதான் தோது. மூணு மணிக்கு 160 டிகிரியில 5 நிமிஷம், நிறம் வர்றதுக்கு முன்னாடி வெளுப்பாவே எடுத்துருங்க. ஆனா நடுவுல வெந்திருக்கோணும். விரல் வெச்சுப் பார்க்கற சோதனை இந்தச் சுத்துலதான். கம்பி வலையில ஒண்ணு மேல ஒண்ணு படாமப் பரப்புங்க. தாள்ல குமிச்சா அடியில வேர்த்து நமுத்துரும். ஆறு மணிக்கு 185 டிகிரியில ஒண்ணரை, ரெண்டு நிமிஷம், ஒரு ஈட்டுக்கு பத்துக் கூடப் போடலாம். முதல் சுத்துலயே ஈரம் கொஞ்சம் போயிருக்கறதுனால மொறுமொறுப்பு ஒரே தடவை பொரிச்சதை விடத் தூக்கலா இருக்கும், கால்மணி நேரம் நிக்கும்.

செக்குக் கடலை எண்ணெய் முதல் சுத்துக்கு ஆகும். 185க்குக் கொண்டுபோனா புகையும், வண்டல் கருகிக் கசப்பு ஏறும். ரெண்டாவது சுத்துக்கு ரீபைண்டு ஊத்துங்க. நடுநடுவுல ஜல்லிக்கரண்டியில தூளை அள்ளிருங்க. பூண்டுத் தூள் கருகினா அடுத்த ஈடு முச்சூடும் அந்த வாசந்தான்.